தனி உலையில் வேகாத திட்டம்: வன்னியில் உணவையும் உடற்பயிற்சியையும் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பைக் குறைக்க வேண்டும் அல்லது சீனி வியாதியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் ஒருவர் வன்னியில் பெரும்பாலும் முதலில் செய்வது, வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு வேறொரு சாப்பாட்டைத் தேடிப் போவதுதான். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அட்டவணை ஒன்று கிடைக்கிறது: காலையில் ஓட்ஸும் அப்பிளும், மதியம் வாட்டிய கோழி நெஞ்சு இறைச்சி, இரவு பச்சைக் காய்கறிக் கலவை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள பெரிய கடைகளில் இவையெல்லாம் கிடைக்கின்றன என்பதால் முதல் வாரம் திட்டம் நன்றாகவே நடக்கும். அதன் பின்னர் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனி உலை வைக்க வேண்டியிருப்பதும், அப்பிள் விலையும், சோறும் மீன் குழம்பும் வாசனை வீசும் அடுக்களைக்கு நடுவே ஓட்ஸ் கிண்ணத்தோடு உட்கார வேண்டியிருப்பதும் சேர்ந்து அதை முடித்து வைத்துவிடும். மனவுறுதி போதவில்லை என்று பலர் தம்மையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் குறை மனவுறுதியில் இல்லை. அந்த வீட்டுக்கும் அந்த ஊருக்கும் அந்த மாதத்துக்கும் பொருந்தாத திட்டத்தில்தான் இருக்கிறது.

ஆகவே திட்டமிடல் வீட்டின் பொது உலையிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும், வயலில் நிற்கும் அண்ணனுக்கும், நீரிழிவுள்ள அம்மாவுக்கும் ஒரே சோறும் ஒரே கறிகளும் சமைக்கலாம். மாற வேண்டியது கோப்பையில் விழும் அளவும் விகிதமும் மட்டுமே. சாதாரணமான ஒரு மதியச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துப் பார்ப்போம். நடுவில் குவித்த சோறு, பக்கத்தில் உருளைக்கிழங்குக் கறி, சோற்றை நனைக்கப் பருப்பு, ஒரு துண்டு மீன், ஓரத்தில் ஒரு கரண்டி கீரை, மேலே இரண்டு அப்பளமும் ஒரு மோர்மிளகாயும். சமைத்த சோறு ஒரு கப்பில் ஏறத்தாழ 200 கிலோ கலோரி இருக்கிறது. குவித்த கோப்பையில் மூன்று கப் வரை கொள்ளும். உருளைக்கிழங்கைக் காய்கறி என்று கணக்கு வைப்பதுதான் இந்தக் கோப்பையில் உள்ள பெரிய தவறு, ஏனென்றால் அதுவும் சோற்றைப் போல மாச்சத்தே. கோப்பையின் பாதியைக் கீரைக்கும் கத்தரி, பயற்றங்காய், புடலங்காய், பூசணி போன்ற காய்களுக்கும், கால் பங்கைச் சோற்றுக்கும், மீதிக் கால் பங்கை மீன், முட்டை, பருப்பு, பயறு ஆகியவற்றுக்கும் விட்டால், அதே உலையிலிருந்து வேறொரு சாப்பாடு உருவாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. ஒரு கரண்டி கீரையால் அந்தக் கணக்கை எட்ட முடியாது.

சோற்றை அடியோடு விட்டுவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. ஒரு வாரம் பட்டினி போலக் கிடந்து, அடுத்த வாரம் கலியாண வீட்டில் இரட்டிப்பாகச் சாப்பிடுவதில் முடியும் அது. இன்னொரு பக்கம், சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவை என்பதை எவ்வளவும் சாப்பிடலாம் என்று விளங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தவிடு நீக்காத சிவப்பரிசியில் நார்ச்சத்து கூட; குரக்கனில் சுண்ணாம்புச் சத்து தானியங்களிலேயே மிக அதிகம், 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம். ஆனால் இரண்டிலும் மாச்சத்தின் அளவு வெள்ளை அரிசியில் உள்ளதிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை. நீரிழிவுக்காகக் குரக்கன் பிட்டுக்கு மாறிய ஒருவர், இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டை நிறையத் தேங்காய்ப்பூவோடும் கதலி வாழைப்பழத்தோடும் சீனியோடும் பிசைந்து சாப்பிட்டால், குருதியில் குளுக்கோஸ் ஏறத்தான் செய்யும். பிட்டுக்குத் துணையாகச் சீனிக்குப் பதில் அவித்த பயறோ, மீன் குழம்போ, முருங்கையிலை வறையோ வரட்டும்.

வெள்ளிக்கிழமை விரதமும் சைவச் சாப்பாடும் எங்கள் வீடுகளில் மிகச் சாதாரணம். மச்சம் இல்லாத நாளில் புரதமும் இல்லாமல் போவதுதான் கவலைக்குரியது. சோறு, உருளைக்கிழங்குக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், பொரித்த மிளகாய், அப்பளம், பாயசம் என்று இலை நிறைந்திருக்கும். எண்ணெயும் சீனியும் தாராளமாக இருக்கும். புரதம் என்று சொல்லத் தண்ணீராய் ஓடும் பருப்பைத் தவிர ஒன்றுமிராது. உழுந்தும் பயறும் கௌப்பியும் கச்சானும் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு இப்படிச் சாப்பிடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை என்பேன். கௌப்பியை முதல் நாள் இரவே ஊறப்போடுவதுதான் அந்த வெள்ளிக்கிழமைக்கான முழுத் திட்டம். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்ல வேண்டும்: கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்து, கீரைக்கு மேல் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொள்வது நல்லது.

அட்டவணை போடுபவர்கள் வருடம் முழுவதற்கும் ஒரே அட்டவணையைப் போடுகிறார்கள். மாரியில் வளவெல்லாம் கீரை. மாரிகால நெற்செய்கையான காலபோகம் முடிந்து சூடு மிதித்த கையோடு வீட்டில் நெல் இருக்கும். குளங்கள் வற்றும் ஆவணி, புரட்டாதியில் சந்தைக் காய்கறி விலை ஏறிவிடும். அப்போது முருங்கையும் வளவு வாழையும் கைகொடுத்தாலொழிய கோப்பையின் பாதியை நிரப்புவது கடினம். ஆகவே விளைச்சல் நேரத்தில் பயறையும் உழுந்தையும் கச்சானையும் விற்றுத் தீர்க்காமல், வீட்டுக்கென்று ஒதுக்கிக் காயவைத்து வைப்பதும் உணவுத் திட்டத்தின் பகுதிதான். மீனும் அப்படியே. முல்லைத்தீவுக் கடல் குழம்பிக் கிடக்கும் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் மீனை நம்பி வாரத்தைத் திட்டமிட முடியாது. குளத்து மீனுக்கோ முட்டைக்கோ இடம் விட வேண்டும். மீன் இல்லாத நாட்களில் கருவாட்டை நாடுபவர்கள் உப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் அந்த எல்லை மதியத்திலேயே தாண்டிவிடும். குருதியமுக்கம் உள்ளவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. வைகாசி, ஆனியில் வீதியோரம் விற்பனைக்கு வரும் பாலைப்பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது வெளிநாட்டுப் பழமல்ல, எங்கள் காட்டுக்கே சொந்தமானது, ஆனால் தாராளமாக உண்ணத் தூண்டும் இனிப்பு உடையது என்பதால் நீரிழிவுள்ளவர்கள் ஒரு கையளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சோற்றை அளந்து போடுபவர்கள்கூடக் குடிப்பதை அளப்பதில்லை. ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்தால், நாளுக்கு ஐந்து தேநீரில் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராமுக்கு மேல். சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழேயும், முடிந்தால் 25 கிராமுக்குக் கீழேயும் வைத்திருக்கச் சொல்கிறார்கள். வயலுக்கு வரும் கூலியாட்களுக்குச் சோடாப் போத்தல் வாங்கிக் கொடுப்பது மரியாதையாகிவிட்ட காலத்தில் போத்தலின் நிறப் புள்ளியைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம். இலங்கையில் 2016 முதல் மென்பானங்களில் இந்த அடையாளம் இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேலானால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. செம்மஞ்சளைக் கண்டதும் பயமில்லை என்று நினைப்பது தவறு. 100 மில்லிலீற்றரில் 8 கிராம் உள்ள செம்மஞ்சள் பானம் 400 மில்லிலீற்றர் குடித்தால் 32 கிராம் சீனி உள்ளே போகிறது. உப்புக் குறைத்துக் கரைத்த மோரும் சாதாரணத் தண்ணீரும் அந்த இடத்தைத் தாராளமாக நிரப்பும்.

"நான் தோட்டக்காரன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். முன்னைய தலைமுறைக்கு அது சரியாக இருந்தது. மாடு பூட்டி உழுது, கையால் களை பிடுங்கி, அரிவி வெட்டி, சூடு மிதித்த உடம்புக்குக் குவித்த கோப்பை தேவைப்பட்டது. இன்று உழவு இயந்திரம் உழுகிறது, களைநாசினி களையைக் கவனிக்கிறது, அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் வயலை முடித்துவிடுகிறது, வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். வேலை மாறிவிட்டது, கோப்பை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. அதிலும் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் வாரக்கணக்காக உடம்பு அசையாத நாட்கள் வரும். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை, மூச்சு சற்று வாங்கும் அளவிலான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். அறுவடைக் காலத்தில் இதற்குத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. வேலையில்லாக் காலத்துக்கே திட்டம் தேவை. சந்தைக்கும் கோவிலுக்கும் துவிச்சக்கர வண்டியில் போவது என்ற ஒரே மாற்றம் பலருக்கு அந்த 150 நிமிடத்தைத் தந்துவிடும்.

நடைப்பயிற்சிக்கு அதிகாலை ஐந்து மணி என்று குறித்துக்கொள்வது நகரத்து ஆலோசனை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கங்களில் காட்டோரமாக இருப்பவர்கள் யானை நடமாட்டம் ஓய்ந்து வெளிச்சம் வந்த பிறகே வெளியே இறங்க வேண்டும். குளக்கட்டு நடக்க நல்ல இடம், ஆனால் இருட்டில் பாம்பும் அங்கேதான் வரும். கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடங்களில் குறுக்குப் பாதை தேடக்கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. பெண்கள் தனியாக வீதியில் நடக்கத் தயங்கும் ஊர்களில், பள்ளிக்கூடம் விட்ட பின் நான்கைந்து பேர் சேர்ந்து மைதானத்தைச் சுற்றுவதோ, வளவுக்குள்ளேயே கதிரையில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சியைச் செய்வதோ நடைமுறைக்கு ஏற்றது.

போரில் கால் இழந்தவர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி இது. பொதுவான உடற்பயிற்சிக் குறிப்புகள் அவர்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை. நடக்க முடியாது என்பதற்காக உடற்பயிற்சியையே விட்டுவிடுவது அவர்கள் விடயத்தில் இரட்டிப்பு நட்டம், ஏனென்றால் எடை ஏறும்போதும் திடீரென இறங்கும்போதும் செயற்கைக் காலின் குழிப்பகுதி பொருந்தாமல் போய், மீதியுள்ள பகுதியில் உராய்ந்து புண்ணாக்கும். மற்றக் கால் மூட்டிலும் பாரம் ஏறும். இருந்தபடியே கைகளுக்குச் செய்யும் பயிற்சி, தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குவது போன்றவை மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யக்கூடியவை. எடை குறைக்கத் தொடங்கும்போதே செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்துக்கு அதைத் தெரிவித்து வைப்பது நல்லது.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தை மட்டுமல்ல, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளையும் பாதித்திருக்கிறது. இந்நோய் ஆரம்பத்தில் வலி காட்டாது. இந்த நிலையில், உடம்பு ஏற்ற நினைக்கும் இளைஞர்கள் பரிசோதனை எதுவுமின்றிப் புரத மாவு டப்பாவை வாங்குவதும், பயிற்சி செய்த உடல் வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி நாட்கணக்காக விழுங்குவதும், வெயிலில் வேர்க்க வேர்க்க ஓடிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஆபத்தான சேர்க்கை. முதலில் குருதியில் கிரியாற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவருக்குப் பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றின் அளவுகூட வேறு. மேலே சொன்ன கோப்பைக் கணக்கு அவருக்குப் பொருந்தாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் மோசமான தவறு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, இரண்டு வாரம் நடந்து, பாகற்காய்ச் சாறும் குடித்துவிட்டு, "இனிக் குளிசை வேண்டாம்" என்று நீரிழிவு மருந்தைத் தாமாகவே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். இன்சுலினையோ குளிசையையோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு, எடை குறைக்கவென்று காலைச் சாப்பாட்டை விடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குளுக்கோஸ் திடீரென விழுந்து, கை நடுங்கி, வேர்த்து, வயலிலேயே மயங்கிப் போகலாம். அப்படிப்பட்டவர்கள் நடக்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு இனிப்பு வைத்திருக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாக எடை, இடுப்புச் சுற்றளவு, குருதியமுக்கம், குளுக்கோஸ் ஆகியவற்றைப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. திட்டம் தொடங்கும் முன்னர் ஒரு தடவையும், மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் அங்கே போய், வீட்டில் என்ன சமைக்கிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை ஒளிக்காமல் சொன்னால், மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.