மூன்றாவது பாட்டில் தேய்ந்துபோன பேஸ்

மேடையில் மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் பேஸ் கிட்டார் கரகரவென்று இரைந்து, அப்புறம் சத்தமே தேய்ந்துபோனது. கேபிளை மாற்றினேன், ஆம்ப்பைத் திருகிப் பார்த்தேன், பலனில்லை. டிரம்மர் தனியாகத் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவே மனசு பதறியது.

இடைவேளையில் பின்மூடியைத் திறந்தால், 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தது. ஆக்டிவ் பேஸில், அதாவது பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (ஒலி சிக்னலைச் சீராக்கும் சின்ன சர்க்யூட்) உள்ளே இருக்கும் பேஸில், கேபிள் செருகும் ஜாக்தான் சுவிட்ச். செருகியபடியே விட்டால், வாசிக்காவிட்டாலும் அந்த ப்ரீஆம்ப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், நானோ ஒத்திகைக்கு ஒத்திகை நாள்கணக்கில் அப்படித்தான் விட்டிருந்தேன். புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டது.

இப்போதெல்லாம் வாசித்து முடித்த கையோடு கேபிளைப் பிடுங்கிவிடுகிறேன், பேட்டரி மாற்றிய தேதியை டேப்பில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுகிறேன். பேட்டரி இல்லாமலே வாசிக்க விடும் பேசிவ் சுவிட்ச் இருக்கும் பேஸ் என்றால் அதைத் தட்டி அந்தப் பாட்டைக் கரைசேர்க்கலாம். என்னுடையதில் அது இல்லை, அதனால் பையில் எப்போதும் இரண்டு பேட்டரி.