கிறிஸ்துமஸ் பலகாரம்: முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் 24-க்கு முன்பே முடிக்க

டிசம்பர் கடைசி வாரத்தில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கேரல் ரவுண்ட்ஸ் எந்த இரவு எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்று சொல்ல முடியாது. குடில் கட்ட வைக்கோல் வேண்டும், ஸ்டார் விளக்கின் வயர் எரிந்திருக்கும். இதற்கு நடுவே எண்ணெய்ச் சட்டியை 23-ம் தேதி ஏற்றினால் 24 இரவு வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. அந்த அவதிக்குக் காரணம் பலகாரத்தின் எண்ணிக்கை அல்ல, வேலையை அடுக்கும் வரிசை.

இரண்டு நாள் போதும். முதல் நாள் அடுப்பில் எண்ணெயே வைக்க வேண்டாம்: முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து, பாகு காய்ச்சி, உருண்டை பிடித்து ஆறவிட்டு, மாலையில் அரிசிமாவு திரித்து வைப்பது மட்டும். இரண்டாம் நாள் காலையில் அச்சு முறுக்கு (கைப்பிடி வைத்த பூ அச்சை மாவில் முக்கிப் பொரிப்பது), அதே எண்ணெயில் பிற்பகல் முந்திரிக்கொத்து (பயற்று உருண்டைகளை மூன்று மூன்றாக மாவில் முக்கிச் சேர்த்துப் பொரிப்பது). இந்த வரிசையை மாற்றாதீர்கள். கொத்தில் ஒன்றிரண்டு உடைந்தால் வெல்லம் கசிந்து எண்ணெய் கருத்துவிடும்; அதன் பிறகு அதில் பொரிக்கும் எந்த முறுக்கும் புள்ளி புள்ளியாய்க் கறுப்பு ஒட்டிக்கொண்டுதான் வரும். 19, 20 தேதிகளில் தொடங்கினால் சாவகாசமாக இருக்கும். இரண்டு பலகாரமும் சரியாகச் செய்தால் இரண்டு வாரம் நிற்கும், புத்தாண்டு தாண்டி வரும்.

தொடங்கும் முன் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். வறுப்பதும் பொரிப்பதுமாக அடுப்பு மணிக்கணக்கில் எரியும். பாதியில் கேஸ் தீர்ந்தால் சூடான அச்சும் கரைத்த மாவும் கையில் நிற்கும்.

எவ்வளவு போடுவது

அரைக் கிலோ சிறுபயறுக்கு நெல்லிக்காய் அளவில் சுமார் 70 உருண்டை கிடைக்கும். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 23 கொத்து. தீபாவளிக்கு நமக்குப் பலகாரம் தந்த வீடுகளை முதலில் எண்ணுங்கள். 15 வீட்டுக்கு இரண்டிரண்டு கொத்து என்றாலே 30 ஆகிவிடும், கேரல் பாட வருகிறவர்களை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு கிலோ பயறு வேண்டும். கீழே உள்ள அளவுகள் அரைக் கிலோவுக்கு. இரட்டிப்பாக்கினால் பாகை மட்டும் இரண்டு தடவையாகக் காய்ச்சுங்கள். ஒரு கிலோ பொடியை ஒரே தடவை கிளறினால் பாதி பிடிப்பதற்குள் மீதி ஆறி உதிரும்.

முதல் நாள்: பூரணம்

முழுச் சிறுபயறு 500 கிராம். கழுவிக் காயவைக்க இந்த மாதத்து வெயிலை நம்ப முடியாது, வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாமல் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, கல் பொறுக்கினால் போதும். கனமான இரும்புச் சட்டியில் 250 கிராம் வீதம், சிறு தீயில், கை ஓயாமல் 10 முதல் 12 நிமிடம் வறுக்க வேண்டும். பச்சை மங்கி, செம்பழுப்பு ஏறி, வாசனை வாசல் வரை போகும்போது இறக்கலாம். அவசரப்பட்டு இறக்கினால் பொடி வாயில் களிபோல் ஒட்டும், பச்சை வாடையும் போகாது. கருகவிட்டால் கசக்கும், அந்தக் கசப்பை எந்த வெல்லமும் மறைக்காது.

நன்றாக ஆறியதும் ரவைப் பதத்தில் திரித்துக்கொள்ளுங்கள். மில்லில் கொடுத்தால் மிளகாய், மல்லி ஓடிய உடனே போடவிடாதீர்கள். அரிசி ஓடி முடியும் வரை காத்திருப்பது மேல். மைபோல் திரித்த பொடியில் செய்த கொத்து கடிக்கும்போது மாவுருண்டை மாதிரிதான் இருக்கும்.

ஒரு தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாமல் நிறம் பொன்னாகிக் கையில் நொறுங்கும் வரை வறுங்கள். கொத்து எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தேங்காய்தான். உள்ளே துளி ஈரம் இருந்தால் நாலாம் நாள் சிக்கு வாடை, ஏழாம் நாள் பூஞ்சை. எள் 50 கிராம் பொரியும் வரை வறுத்து, ஏலக்காய் 8, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டியோடு எல்லாவற்றையும் பயற்றம்பொடியில் கலந்துவையுங்கள்.

இனி பாகு. வெல்லமோ கருப்பட்டியோ 400 கிராம். கருப்பட்டி என்றால் உடன்குடிப் பக்கத்துச் சரக்குக்குத் தனி மணம் உண்டு. ஆனால் பதநீர்க் காலம் முடிந்து மாதங்கள் ஆகியிருப்பதால் டிசம்பரில் கிடைப்பது இருப்புச் சரக்கு. கசிந்து பிசுபிசுப்பதை வாங்காதீர்கள். எதுவானாலும் தட்டிப்போட்டு 150 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் தங்கும் மணலைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். வடித்ததைத் திரும்ப ஏற்றிக் கொதிக்கவிட்டு, விரலிடுக்கில் ஒரு கம்பி இழுக்கும்போது இறக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டால் கரைந்து ஓடாமல் அடியில் நிற்க வேண்டும், ஆனால் உருட்டினால் திரளக் கூடாது. திரண்டால் அது அதிரசப் பதம். இங்கே தாண்டிப்போய்விட்டீர்கள், இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி பதம் பாருங்கள்.

பாகை ஒரே ஊற்றாக ஊற்றாதீர்கள். ஒரு கரண்டி மீதம் வைத்துக்கொண்டு கிளறி, பொடி பிடித்தால் நிற்கிறதா என்று பார்த்துப் பிறகு சேருங்கள். கை பொறுக்கும் சூட்டில் வேகமாக உருட்ட வேண்டும், முடிந்தால் இரண்டு மூன்று பேராக. (பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்க இதைவிட நல்ல வேலை இல்லை, கொஞ்சம் குறையும், பரவாயில்லை.) நடுவில் உதிர ஆரம்பித்தால் பச்சைத் தண்ணீர் தெளிக்காதீர்கள், அது பூரணத்தின் ஆயுளைக் குறைக்கும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் சட்டியை வைத்துச் சூடேற்றினால் பாகு இளகி மறுபடி பிடிபடும். உருட்டியவற்றைத் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். மறுநாள் தொட்டால் மேல்தோல் இறுகியிருக்க வேண்டும். இறுகாத உருண்டைதான் எண்ணெயில் பிரியும்.

அன்று மாலையே மறுநாள் மாவுக்கான வேலை. பச்சரிசி 750 கிராம் மூன்று மணி நேரம் ஊறி, வடிந்து, துணியில் விசிறிக் காற்றில் அரைமணி உலரட்டும். பிடித்தால் கையில் ஒட்ட வேண்டும், நனைக்கக் கூடாது. திரித்து, சலித்து, இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே விட்டால் ஈரமாவு காலையில் புளித்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை: அச்சு முறுக்கு

மாவில் 500 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, கறுப்பெள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. ஒன்றரைத் தேங்காயில் பிழிந்த பால் சுமார் 600 மில்லி. அதில் 100 மில்லியைத் தனியே வைத்துக்கொண்டு கரையுங்கள். தோசை மாவைவிட ஒரு பிடி நீர்க்க இருக்க வேண்டும். கட்டியில்லாமல் வடிகட்டியபின் எள்ளைப் போட்டு அரைமணி ஊறட்டும். சர்க்கரையைக் கூட்டினால் இனிப்பு கூடும்தான். ஆனால் வேகும் முன்பே நிறம் ஏறும், ஆறியதும் துவளும், அச்சிலும் ஒட்டும்.

புதிய அச்சு என்றால் இரண்டு நாள் எண்ணெயில் ஊறியிருக்க வேண்டும். பழையதோ புதியதோ, பொரிக்கும் எண்ணெயிலேயே கால்மணி நேரம் போட்டுச் சூடேற்றுங்கள். சட்டியில் மூன்று அங்குல ஆழத்துக்காவது எண்ணெய் வேண்டும், அச்சு அடியைத் தொடக் கூடாது. ஒரு சொட்டு மாவு விட்டால் மூழ்கி உடனே மேலே வருகிற சூடு சரி.

சூடான அச்சை ஒரு நொடி உதறி, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்குங்கள். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சைச் சுற்றி மூடிக்கொள்ளும், கத்தி வைத்துக் கீறினாலும் உடைந்துதான் வரும். முக்கியதை எண்ணெயில் அரை நிமிடம் பிடித்திருந்து, மெல்ல ஆட்டினால் கழன்று விழும். பொன்னிறத்தில் எடுத்து வடியவிடுங்கள்.

கழலவில்லை என்றால் அச்சு போதுமான சூட்டில் இல்லை. மாறாக மாவே அச்சில் பிடிக்காமல் கிண்ணத்தில் வழுக்கி விழுந்தால் அச்சு அதிகச் சூடு. எண்ணெயை வடித்துப் பத்து விநாடி வெளியே பிடியுங்கள். ஒவ்வொரு தடவையும் முக்கும் முன் மாவை அடியோடு கலக்குங்கள், அரிசிமாவு அடியில் தங்கிக்கொண்டே இருக்கும். கெட்டியாகும்போது ஒதுக்கி வைத்த பாலில் ஒரு கரண்டி விடலாம். முதல் மூன்று நான்கு உடையும். அதை வைத்து முழுமாவையும் சந்தேகப்பட்டு எதையாவது சேர்க்கத் தொடங்காதீர்கள். அச்சு பழக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். 60 முறுக்காவது தேறும்.

பிற்பகல்: கொத்து

மீதியுள்ள மாவில் 250 கிராம், மைதா இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால், உப்பு அரைத் தேக்கரண்டி. பஜ்ஜி மாவுப் பதத்துக்குக் கரைக்கத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வெறும் அரிசிமாவு ஆறியதும் வெடிக்கும், மைதா அதைப் பிடித்துவைக்கிறது. மூன்று உருண்டையை ஒன்றாக முக்கி, விரலாலேயே சேர்த்துப் பிடித்தபடி எண்ணெய் ஓரமாக வழியவிடுங்கள். மிதமான தீ, மூன்று நான்கு நிமிடம், ஒரு தடவை திருப்பினால் போதும். உள்ளே எல்லாம் வெந்ததுதான், மேல்மாவு வெந்தால் சரி. நிறம் மஞ்சளாகவே நிற்க வேண்டும்.

எங்காவது மாவு மூடாமல் பூரணம் தெரிந்தால் அங்கிருந்துதான் வெல்லம் கசியும். பொரிந்ததை உடனே ஜல்லிக்கரண்டியால் எடுத்து, கீழே தங்கிய துகளையும் அரித்துவிடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள்.

ஆறுவதும் அடைப்பதும்

ஒன்றரை மணி நேரம் ஆறட்டும், அதற்குமேல் திறந்து வைக்காதீர்கள். மழைக் காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால் அச்சு முறுக்கு அப்பளம்போல் நமுத்துவிடும். சூடாக அடைத்தாலும் உள்ளே வேர்த்து அதே கதி. இரண்டையும் ஒரே சம்படத்தில் போடவே கூடாது, கொத்தின் ஈரம் முறுக்குக்கு ஏறும். நமுத்த முறுக்கை ஓவனில் 120 டிகிரியில் எட்டுப் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். கொடுக்க வேண்டிய வீடுகளின் பங்கைத் தனி டின்னில் ஒதுக்கி, உயரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் 24-ம் தேதி எண்ணிப் பார்க்கும்போது கணக்கு இடிக்கும்.

அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். சூடு தணிந்ததும் துணியால் துடைத்து, எண்ணெய் தடவிய தாளில் சுற்றி வையுங்கள். அடுத்த டிசம்பரில் முதல் முறுக்கே கழன்று வரும்.