வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் நாய் சோர்ந்தே கிடக்கிறதா?

வயிற்றுப்போக்கு நின்றதும் நாய் துள்ளி எழுந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இழந்த நீரும் உப்பும் உடலில் சேர ஓரிரு நாள் ஆகும். எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த கோழியைக் குழைந்த சோற்றில் பிசைந்து, நாளைக்கு 4 வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. இரக்கப்பட்டு வீட்டுக் குழம்பை ஊற்றிவிடாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வாழும் நாம் உண்ணியையும் மறக்கக் கூடாது. அது கடித்துப் பரப்பும் பபீசியா கிருமி இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. இங்கே பிலியரி என்று சொல்கிறோமே, அந்த நோய்தான். சாட்ஸ்வர்த்தில் எங்கள் நாய் மூன்றாம் நாளும் எழாதபோது, வயிற்றுக் கோளாறின் அசதி என்றே நம்பியிருந்தேன். அடுத்த வீட்டு அக்காதான் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈறு வெளுத்திருக்கிறது தம்பி, இப்போதே கொண்டுபோ" என்றார். அந்த ஒரு பார்வை அதன் உயிரைக் காத்தது.

நீங்களும் தினமும் ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கறுத்த ஈறுள்ள நாயென்றால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளுப்போ மஞ்சளோ தெரிந்தால், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், மறுநாள்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். உடலில் உண்ணி தென்படவில்லை என்பதற்காக அலட்சியம் வேண்டாம். கடித்துவிட்டு அது எப்போதோ விழுந்திருக்கலாம். நாம் விழுங்கும் காய்ச்சல் மாத்திரையை ஒருபோதும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.