ஏப்ரல் மாத பேஸ்பாலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

மார்ச் கடைசியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் தொடங்கும். பத்தே நாளில் தீர்ப்புகளும் வந்துவிடும்: இந்த அணிக்குத்தான் கோப்பை, அந்த பேட்டர் கதை முடிந்தது. ஐபிஎல் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த அவசரம் இயல்பு. அங்கே லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம்தான், இங்கே 162. ஏப்ரல் முடியும்போது 30 ஆட்டம் போல்தான் ஆகியிருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது பேட்டிங் ஆவரேஜ், அதாவது கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது) ஆனது என்ற விகிதம். கணக்கில் சேரும் 60 வாய்ப்புகளில் ஒருவர் 15 ஹிட் அடித்தால் .250, அதாவது சாதாரண ஆட்டக்காரர். 18 அடித்தால் .300, நட்சத்திரம். நடுவே இருப்பது மூன்றே ஹிட். நன்றாக அடித்த பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போவதும், சரியாகப் படாத பந்து யாருக்கும் எட்டாமல் விழுவதும் அந்த மூன்றைக் கூட்டவோ குறைக்கவோ போதும். 2024 ஏப்ரல் முடிவில் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் .200-ஐ ஒட்டித்தான் இருந்தார். சீசன் முடிந்தபோது .322, 58 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல, பெரும்பாலும் வேலியைத் தாண்டும் அடி), கூடவே எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது.

தலைகீழாகவும் நடக்கும். 2006-இல் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். அந்த வருடம் முழுக்கச் சேர்த்தே 16தான். நடுவில் கீழ்மட்டமான மைனர் லீகுக்கும் அனுப்பிவிட்டார்கள். 1994 தொடக்க நாளில் டஃபி ரோட்ஸ் கப்ஸ் அணிக்காக ஒரே ஆட்டத்தில் மூன்று அடித்தார். அந்த சீசனில் மொத்தம் எட்டு. (பிறகு ஜப்பானுக்குப் போய் ஒரே சீசனில் 55 அடித்தார் என்பது தனிக் கதை.)

சரி, எதைப் பார்ப்பது? பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகும் விகிதம், பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார், பிட்சரின் (பந்து வீசுபவரின்) பந்து வேகம் போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா. இவற்றில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு என்பதால் சில வாரங்களிலேயே ஓரளவு நம்பலாம். பிட்சரின் ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் விழும் ரன்) மட்டும் ஏப்ரலில் நம்பவே வேண்டாம், ஒரு மோசமான மாலை போதும் அதைக் கெடுக்க. குளிரையும் மறக்கக் கூடாது. சிகாகோ மாதிரி ஊர்களில் ஏப்ரல் காற்று அடர்த்தியாக இருக்கும், அதனால் ஜூலையில் வேலியைத் தாண்டும் பந்து அப்போது உள்ளேயே விழும்.

இன்னொரு தவறு, கண்ணில் பட்ட முதல் காரணத்தைப் பிடித்துக்கொள்வது. 2025 மார்ச் 29 அன்று யாங்கீஸ் ஒரே ஆட்டத்தில் 9 ஹோம் ரன் அடித்ததும், எல்லாம் 'டார்பிடோ' மட்டையின் (பந்து அதிகம் படும் இடத்தில் தடித்த புதுவகை மட்டை) மாயம் என்று பேச்சு கிளம்பியது. அதில் மூன்றை அடித்த ஜட்ஜ் பழைய மட்டையோடுதான் ஆடினார்.

அணிகளைப் பொறுத்தவரை வெற்றி தோல்வியை எண்ணும் முன் எதிரணி யாரென்று பாருங்கள். 2023-இல் டாம்பா பே ரேஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. அவர்களிடம் தோற்ற டெட்ராய்ட், வாஷிங்டன், ஓக்லாந்து, பாஸ்டன் நான்குமே அந்த சீசனில் வென்றதைவிடத் தோற்றது அதிகம். ஓக்லாந்து மட்டும் 112 தோல்வி. ரேஸ் 99 வெற்றிகளோடு நல்ல அணியாகவே முடித்தது, ஆனால் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 31 தோற்றது. அக்டோபரில் உலகத் தொடர் கோப்பை அவர்கள் கையில்.

அதற்காக ஏப்ரலையே தள்ளிவிடுவதும் தவறுதான். 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் முதல் 25 ஆட்டங்களில் 22 தோற்றபோது 'இன்னும் சீசன் இருக்கிறது' என்ற ஆறுதல் எடுபடவில்லை. முந்தைய ஆண்டே 101 தோல்வி. போதாதென்று சீசனுக்குச் சற்று முன்னால் முக்கிய பிட்சர் டிலன் சீஸையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதாவது அந்த ஏப்ரல் புதிதாக எதையும் சொல்லவில்லை, ஏற்கெனவே தெரிந்ததை உறுதிப்படுத்தியது. அந்த அணி 121 தோல்விகளில் போய் நின்றது.