சிறார் எழுத்தாளருக்கு வலைப்பூ: புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுப்பவருக்காக எழுதுவது எப்படி

சிறார் எழுத்தாளர் ஒருவர் வலைப்பூ தொடங்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதைப் படிக்கப் போகிறவர் யார் என்பதே. ஆறு வயதுக் குழந்தை தேடுபொறியில் எழுத்தாளரின் பெயரைத் தட்டித் தேடி வருவதில்லை. இன்றிரவு பிள்ளைக்கு எதைப் படித்துக் காட்டலாம் என்று யோசிக்கும் பெற்றோரும், அடுத்த வாரம் வகுப்பில் எந்தக் கதையைச் சொல்லலாம் என்று தேடும் ஆசிரியரும், வாங்க வேண்டிய நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் நூலகருமே வருகிறார்கள். ஆகவே கதையைக் குழந்தைக்காக எழுதுங்கள். வலைப்பூவை, அந்தக் கதையைக் குழந்தையிடம் கொண்டு சேர்ப்பவருக்காக எழுதுங்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள், பதிவுகளையும் மழலை நடையில் எழுதிப் பெரியவர்களை இழக்கிறார்கள்; அல்லது எழுதும் கலையைப் பற்றியே எழுதிச் சக எழுத்தாளர்களை மட்டும் வாசகர்களாகப் பெறுகிறார்கள். சக எழுத்தாளர்களின் நட்பு இனியதுதான் என்றாலும், உங்கள் புத்தகத்தை வகுப்பறைக்குள் எடுத்துச் செல்பவர்கள் அவர்கள் அல்லர்.

அந்தப் பெரியவருக்கு நாளைக்கே பயன்படும் ஒன்றை ஒவ்வொரு பதிவிலும் கொடுங்கள். தம்பி பிறந்தபின் தான் தனித்துவிடப்பட்டதாக நினைக்கும் ஒரு சிறுமியைப் பற்றி நீங்கள் கதை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "என் புதிய புத்தகம் வெளிவந்துவிட்டது" என்ற அறிவிப்பு ஒரு நாளோடு மறைந்துவிடும். "புதுக் குழந்தை வந்தபின் அடம்பிடிக்கும் மூத்த குழந்தையோடு சேர்ந்து படிக்கச் சில கதைகள்" என்ற பதிவோ, அந்தச் சிக்கல் வீடுகளில் இருக்கும்வரை தேடப்படும். அதில் பிறர் எழுதிய நல்ல நூல்களையும் மனமாரப் பரிந்துரையுங்கள். தன் நூலை மட்டுமே சொல்பவரைவிட, துறையை அறிந்து பரிந்துரைப்பவரை நம்பித்தான் ஆசிரியர்கள் மறுபடியும் வருவார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மதிப்பு வாய்ந்தது, உங்களால் மட்டுமே எழுதக்கூடிய பதிவு. படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவது, பெரிய தாளை மடித்து வெட்டும் அச்சு முறையிலிருந்து வந்த வழக்கம். அந்த எல்லைக்குள் எந்தத் திருப்பத்தைப் பக்கத்தின் மறுபுறத்தில் ஒளித்து வைப்பது, எந்த இடத்தில் சொற்களை நிறுத்திப் படத்தைப் பேச விடுவது என்று நீங்களும் ஓவியரும் எண்ணி எண்ணி முடிவெடுத்திருப்பீர்கள். அந்த முடிவுகளை, நூலை வாய்விட்டு வாசித்துக் காட்டுபவரிடம் சொல்லுங்கள்: இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் சற்று நிறுத்தி, "அவள் இப்போது என்ன செய்வாள்?" என்று கேளுங்கள், இந்த வரியைத் தாழ்ந்த குரலில் படியுங்கள், இந்தப் படத்தின் மூலையில் இருக்கும் பூனையைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும். நூலை ஏற்கெனவே வாங்கியவர் இதைப் படித்தபின் மீண்டும் எடுத்து வாசிப்பார். வாங்காதவருக்கு, அந்த வாசிப்பு எப்படி இருக்கும் என்பது காதில் கேட்கும்.

பதிவோடு, குழந்தை வண்ணம் தீட்டவோ எழுதவோ ஒரு செயல்தாளையும் இணைக்கலாம். அது ஒரே பக்கமாக, ஏ4 அளவில், கறுப்பு வெள்ளையில் தெளிவாக அச்சாகும்படி இருக்கட்டும். பள்ளிகளில் நகல் எடுப்பது பெரும்பாலும் அப்படித்தான். தாளின் அடியில் நூலின் பெயர், உங்கள் பெயர், வலைப்பூவின் முகவரி மூன்றும் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் வண்ணம் தீட்டிய அந்தத் தாள் குழந்தையின் பையில் வீடுவரை போகும், நீங்கள் செய்யும் எந்த விளம்பரமும் போக முடியாத தொலைவுக்கு.

தலைப்பு வைக்கும்போது கவித்துவத்தைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். தேடுபவர் தட்டும் சொற்களே, அதாவது குழந்தையின் வயது, கதையின் பொருள், படிக்கும் சூழல் ஆகியவையே, தலைப்பில் இருக்க வேண்டும். சிறப்பு நாள்களுக்கான பதிவுகளை முன்கூட்டியே வெளியிடுங்கள். பன்னாட்டுச் சிறார் நூல் நாள் ஏப்ரல் 2, உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23. ஆசிரியர்கள் இவற்றுக்கு வாரக்கணக்கில் முன்பே திட்டமிடுவதால், அன்றைய தினம் வெளியாகும் பதிவு அவர்களுக்கு உதவாது. மாதம் இரண்டு பதிவுகள் என்றால் இரண்டையும் தவறாமல் எழுதுங்கள்; அதற்குமேல் எழுத முயன்று, கதை எழுதும் நேரத்தை இழக்க வேண்டாம்.

சிலவற்றை வெளியிடக் கூடாது. பதிப்பகத்துக்கு அனுப்ப எண்ணியுள்ள கதையை முழுமையாக வலையேற்றினால், அது ஏற்கெனவே வெளியானதாகக் கருதப்பட்டு மறுக்கப்படக்கூடும். நூலின் உட்பக்கப் படங்களையும், முழு நூலையும் வாசிக்கும் காணொளியையும் ஓவியர், பதிப்பாளர் ஆகியோரின் எழுத்துப்பூர்வமான இசைவின்றி வெளியிடாதீர்கள். கதை உங்களுடையதானாலும் படத்தின் உரிமை வேறொருவருடையதாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் குழந்தைகளின் பாதுகாப்பு. பள்ளி நிகழ்ச்சியில் எடுத்த படங்களைப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலின்றிப் பதிவிடாதீர்கள். ஒப்புதல் இருந்தாலும் பெயரும் பள்ளிச் சின்னமும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னூட்டங்கள் நீங்கள் படித்துப் பார்த்த பிறகே வெளியாகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைகளை நோக்கிய வணிகத் தளங்கள் 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டுவதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வயது நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை மாறுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. எனவே, "இங்கே பதிவு செய்பவர் பெரியவராக இருக்க வேண்டும்" என்ற வரியை, புதிய பதிவுகளைப் பெற வாசகர் தம் மின்னஞ்சல் முகவரியைத் தரும் படிவத்தின் மேலேயே எழுதிவிடுவது நல்லது.

அப்படி முகவரி தருபவர்களின் மின்னஞ்சல் பட்டியலை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள். சமூக ஊடகத்தில் உங்கள் பதிவு யார் கண்ணில் படும் என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது; மின்னஞ்சல் முகவரியைத் தந்தவரையோ நீங்கள் நேராகவே அடையலாம். செயல்தாளைப் பெறுவதற்கு முகவரியைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணிக்கை மெதுவாகத்தான் வளரும். பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையை நாள்தோறும் பார்ப்பதைவிட, எந்தச் செயல்தாள் அதிகம் தரவிறக்கப்பட்டது, எந்த ஆசிரியர் எதைக் கேட்டு எழுதினார் என்பதைக் குறித்து வையுங்கள். "மூன்றாம் வகுப்புக்கு இது சற்றுக் கடினமாக இருந்தது" என்று ஒருவர் எழுதினால், அவருக்கு அன்றே நன்றி சொல்லி, எளிய தாள் ஒன்றைத் தயாரித்து முதலில் அவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு பதிவில் சேர்த்துவிடுங்கள்.