உப்புவெளி மணலில் பனிச்சரிவைப் படிப்பது எப்படி?

சூரிச்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் பெறாமகன், வரும் குளிர்காலத்தில் ஆள் நடமாட்டமில்லாத மலைகளில் பனிச்சறுக்கப் போகிறானாம். "எந்த மலைச்சரிவில் பனி சரிந்து விழும் என்று எப்படித் தெரியும், சித்தப்பா?" என்றான். அங்கே பல குளிர்காலங்களைக் கழித்தவன் நான். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். சுவிஸில் பிள்ளைகள் இருப்பவர்களும் இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்.

முதலில் சாய்வு. காய்ந்த மணலை ஒரே இடத்தில் மெல்லக் கொட்டுங்கள். ஓரளவுக்கு மேல் குவியல் செங்குத்தாகாது. கொட்டக் கொட்ட வழிந்துவிடும். கைப்பேசியை வைத்து அளந்தோம்: 33 பாகை. பெரும்பாலான பனிச்சரிவுகள் புறப்படுவது 30 முதல் 45 பாகைக்குள்தான். எனவே அந்தக் குவியலைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடம் சமமாக இருந்தாலும் போதாது, தலைக்கு மேலே இருக்கும் சரிவையும் பாருங்கள்.

அடுத்தது அடுக்குகள். பலகையில் காய்ந்த மணலைப் பரப்பி, மேலே ஈரமணலைத் தட்டையாக அழுத்தி, மெல்லச் சாய்த்தோம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது. ஈரமணல் முழுத் தட்டாக வழுக்கி விழுந்தது. மலையிலும் காற்று இறுக்கிய பனித்தட்டுக்கு அடியில் சீனி போல ஒட்டாத பனி கிடக்கும். ஒருவருடைய பாரமே போதும். உயிர் பறித்த தட்டுச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பியவர்கள் சிக்கியவர்களோ அவர்களுடன் போனவர்களோதான்.

காலடியில் 'வும்' என்று பனி அமுங்கும் சத்தம், சறுக்குக் கட்டையிலிருந்து ஓடும் வெடிப்பு, பக்கத்தில் புதிதாக விழுந்த சரிவு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான பக்கம் போகாதீர்கள். புதுப்பனியும் பலத்த காற்றும் சேர்ந்த மறுநாளும், திடீரென வெயில் ஏறும் நேரமும் அப்படித்தான்.

முந்தின மாலையே டாவோஸ் பனி ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையைப் படியுங்கள். குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு வரும். ஆபத்து 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சுவிஸில் பனிச்சரிவு உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி அந்த 3இல்தான் நேர்கிறது.

புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் தேடுகோல், தோண்டும் சவள் மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும்; உதவி அதற்குள் வந்து சேராது. சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகவே கடக்க வேண்டும். இவற்றைப் பழக அங்கே வகுப்புகள் இருக்கின்றன. சேராமல் போகமாட்டேன் என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இருட்டும் வரை பலகையைச் சாய்த்துச் சாய்த்து, அளக்குமுன் பாகையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.