கடலோரத்தில் தனி நடை: ஓதமும் கைக்காசும்

கடலோர நடைக்குத் திட்டம் போட உட்காரும்போது முதலில் கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை எடுங்கள், வரைபடம் அப்புறம். மலைப்பாதை காலையில் இருந்த இடத்தில்தான் மாலையிலும் இருக்கும். கடற்கரைப் பாதை அப்படியில்லை. காலை பத்து மணிக்கு லாரியே ஓட்டலாம் என்று அகலமாகக் கிடந்த மணல், பிற்பகலில் ஓங்கலின், அதாவது கரையோரச் செங்குத்துச் சரிவின், அடிவரை தண்ணீராகிவிடும். கலிஃபோர்னியாவின் லாஸ்ட் கோஸ்ட் பாதையில், ஒவ்வொன்றும் சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கட்டங்களைக் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கடக்க முடியாது. இடையில் ஒதுங்கி நிற்க இடமும் குறைவு.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆகவே மனக்கணக்கை நம்பாமல் முந்தைய இரவே தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓதக் கணக்கு

கடல் மிக உயர்ந்து நிற்பது ஏற்றம், மிகத் தாழ்ந்து நிற்பது வற்றம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இன்றைய காலை வற்றம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். அட்டமியை ஒட்டி இரண்டுமே அடங்கியிருக்கும். நிறைய மணல் தெரிவது அமாவாசை, பௌர்ணமி வாரங்களில்தான், ஆனால் தண்ணீர் திரும்பி வரும் வேகமும் அப்போதுதான் அதிகம். அட்டமி வாரம் பொதுவாகச் சாந்தமானது. இருந்தாலும் பாறை முனை ஒன்றைச் சுற்றித்தான் போக வேண்டும் என்ற கட்டம் உங்கள் வழியில் இருந்தால், அந்த வாரத்து வற்றம் அதைத் திறந்துவிடும் அளவுக்கு இறங்காமலும் போகலாம். எந்த வாரம் என்பதை அந்த ஒரு முனையை வைத்து முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் சீராக ஏறுவதில்லை. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கான ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறும். வித்தியாசம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 சென்டிமீட்டர்தான். அதைப் பார்த்துவிட்டு ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று உட்கார்ந்தால், மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் தலா 90 சென்டிமீட்டர் ஏறும். ஓதத்தில் மாட்டிக்கொள்பவர்களை ஏமாற்றுவது அந்த மெதுவான முதல் மணிதான்.

ஒரு கட்டத்தை எடுத்துப் பார்ப்போம். நீளம் 6 கிலோமீட்டர், தரை முழுக்கக் கூழாங்கல், வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். எனவே 3 மணி நேரம் வேண்டும். வற்றம் 11:00 மணிக்கு. அந்தக் கட்டம் வற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம் திறந்திருக்கும், அதாவது 8:30 முதல் 13:30 வரை. 9:00 மணிக்கு, தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். 12:00 மணிக்கு மறுமுனை. கையில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். வற்றம் வரட்டும் என்று 11:00 வரை காத்திருந்து கிளம்பினால் 14:00 ஆகும், வழி மூடி அரை மணி ஆகியிருக்கும்.

இதோடு இன்னொரு விதியையும் எழுதுங்கள்: 11:00 மணிக்குப் பாதி தூரம், அதாவது 3 கிலோமீட்டர், தாண்டவில்லை என்றால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். வந்த இரண்டு மணி நேரத்திலேயே திரும்பிவிடலாம், 13:00 மணிக்குக் கரையேறிவிடலாம். ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அட்டவணையைப் படிக்கும்போது வழக்கமாக வரும் பிழைகள் சில. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தும் நாடுகளில், சில அட்டவணைகள் பழைய நேரத்திலேயே அச்சாகியிருக்கும். ஒரு மணி நேரத் தவறு மேலே போட்ட கணக்கு முழுவதையும் கவிழ்த்துவிடும். அடுத்து, அட்டவணை சொல்வது ஒரு துறைமுகத்தின் நேரம். உங்கள் கடற்கரைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, அதில் வானிலை சேராது. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி அடிக்கும் பலத்த காற்று அதற்கு மேலும் ஏற்றும். புயல்சின்னம் இருக்கும் வாரத்தில் அச்சிட்ட உயரத்தை அப்படியே நம்பக் கூடாது.

முனையைச் சுற்றும் முன்

பாறை முனைக்கு வந்ததும் பையை இறக்கி 15 முதல் 20 நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு நெடுநேரம் ஓயும். ஓய்வை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் பாதி வழியில் அடுத்த கூட்டம் வந்து சேரும். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 14 விநாடிக்கு மேல் இருந்தால், உயரம் குறைவாகத் தெரிந்தாலும் அது தூரத்துப் புயலின் அலை, கரையில் வெகுதூரம் ஏறும். பாறையின் நிறத்தையும் கவனியுங்கள். காய்ந்து வெளிறிய பாறைக்கும் கறுத்து ஈரமான பாறைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே பச்சையாக மின்னுவது வழுக்குப்பாசி, அதில் எந்தச் செருப்பும் பிடிக்காது. கால் வைக்கும் இடம் எல்லாம் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

மீறி மாட்டிக்கொண்டால், முனையைச் சுற்றி நீந்தப் பார்க்க வேண்டாம், ஓங்கலில் ஏறவும் வேண்டாம். கடலோர ஓங்கல்கள் பல இடங்களில் உளுத்த மண், கைப்பிடி கையோடு வந்துவிடும். காய்ந்த பழைய கட்டைகளும் புல்லும் இருக்கும் மேட்டைத் தேடி ஏறி, உதவிக்கு அழைத்துவிட்டு உட்காருங்கள். தண்ணீர் போதிய அளவு இறங்க ஆறேழு மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் சூடான மேலாடை, அரை லிட்டர் தண்ணீர், ஒரு வேளை உணவு, தலைவிளக்கு நான்கும் எப்போதும் பையின் மேல்தட்டில் இருக்க வேண்டும்.

தரையும் காலும்

ஓங்கலின் மேலே போகும் பாதை ஓதத்துக்குப் பயப்படத் தேவையில்லாதது, ஆனால் சமதளம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை சுமார் 1,014 கிலோமீட்டர். அதை முழுதாக நடந்தால் ஏறும் உயரம் சுமார் 35,000 மீட்டர், எவரெஸ்டின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வோர் ஓடைக்கும் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் இப்படி. மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி என்ற பழைய கணக்கு நல்ல தரைக்குச் சரி. பாரம் தூக்கினால் அதோடு கால் பங்கு சேருங்கள். விளிம்பிலிருந்து விலகியே நடங்கள். மேலே புல்தரை திடமாகத் தெரியும். அடியில் கடல் குடைந்து வெறும் விதானமாக நிற்கும். மழைக்குப் பிறகு ஓங்கலின் கீழே உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது.

மணலில், சற்று முன் தண்ணீர் விலகிய ஈரப்பட்டைதான் கெட்டியானது. உலர்மணலில் வேகம் பாதியாகும், களைப்பு இரட்டிக்கும். கரை சரிவாக இருந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். ஒரு நாளில் தெரியாது, இரண்டாம் நாள் முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். கிடைக்கும் தட்டையான பட்டைக்கு மாறி மாறி நடங்கள்.

பயணத்தைப் பாதியில் முடித்துவைப்பது பெரும்பாலும் கொப்புளம்தான். நுண்மணல் வலைத்துணி ஷூவுக்குள் புகுந்து, வியர்வையோடு சேர்ந்து உப்புக்காகிதம் போலத் தேய்க்கும். கணுக்கால் உறை போடுங்கள். மணிக்கொருமுறை ஷூவைக் கழற்றி உதறுங்கள், காலுறையை உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். ஓரிடத்தில் சூடு தெரிந்த உடனே நிற்க வேண்டும், அடுத்த ஓய்வுவரை பொறுக்கக் கூடாது. இரண்டு மூடி நன்னீரால் உப்பைக் கழுவி, முழுக்க உலர்த்தி, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

தண்ணீர், ஓடை

மிதமான வெயிலில் நடக்கும் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஒரு லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ எடை. கையில் கொண்டுபோகும் வடிகட்டி உப்பை நீக்காது, வயல்களிலிருந்து வரும் ரசாயனத்தையும் நீக்காது. ஓடை கடலில் சேரும் வாயில் மொள்ளாமல், ஓதம் எட்டாத இடம்வரை மேலே போய், வற்ற நேரத்தில் மொள்ளுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாலே உப்பு தெரிந்துவிடும்.

ஓடையைக் கடக்க, மணலில் விரிந்து பரவும் இடம்தான் ஆழம் குறைந்தது. பையின் இடுப்புவாரைக் கழற்றிவிட்டு, கம்பை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். வேகமான நீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். பெரிய கழிமுகங்களில் கடல் வற்றும்போது நீர் வெளியே இழுக்கும், அங்கே இறங்கவே வேண்டாம். பாலத்துக்குச் சுற்றிப் போங்கள். சேற்றில் கால் புதைந்தால் பையைக் கழற்றிப் போட்டு, பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி உருவுங்கள்.

செலவு

தனி ஆளின் பணத்தை அதிகம் தின்பவை இரண்டு: அறை, போக்குவரத்து. இருவர் அறையின் வாடகை ஒருவர் தலையில் விழும். கூடாரம் போட அனுமதியுள்ள இடங்களில்கூட, சிலவற்றில் தலைக்குக் கட்டணம், சிலவற்றில் இடத்துக்குக் கட்டணம். இரண்டாவது வகையில் ஒருவரும் நால்வருக்கான காசையே கொடுப்பார். நடந்து வருபவருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் உண்டு, பலகையில் எழுதியிருக்காது. மூன்று இரவு கூடாரம், நான்காம் இரவு பொதுப் படுக்கை அறை என்று மாற்றினால் துவைக்கவும் உலர்த்தவும் மின்கலம் ஏற்றவும் வாய்ப்பு கிடைக்கும். திறந்தவெளியில் தங்க எல்லா நாட்டிலும் அனுமதி இல்லை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு தங்குபவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலும் நில உரிமையாளரைக் கேட்க வேண்டும். அபராதம் ஒன்று மிச்சம்பிடித்த எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பேருந்தை நடையின் முதல் நாளே பிடியுங்கள். தொலைவிலுள்ள முனைக்குப் போய் இறங்கி, ஊர் திரும்ப வசதியான முனையை நோக்கி நடந்தால், கடைசி நாளில் பேருந்தைத் தவறவிட்டு டாக்ஸிக்குக் கொடுக்க நேராது. சமையலுக்கு எரிவாயு, காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்கச் சுமார் 12 முதல் 15 கிராம். கடற்காற்றில் இரு மடங்குகூட ஆகும். பாறை மறைவில் சமையுங்கள், ஆனால் வாயுக் குப்பியை முழுக்கச் சுற்றி மூடக் கூடாது, சூடேறி வெடிக்கும். உலர் உணவு நாளுக்கு 600 முதல் 700 கிராம் போதும்.

சிக்கனத்தில் ஒன்றுதான் ஆபத்தானது: பணம் திரும்பக் கிடைக்காத முன்பதிவு. அடுத்த ஊரில் கட்டிவிட்ட அறை இருக்கிறதே என்பதற்காகத்தான் ஏறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே முனையைச் சுற்றத் துணிகிறார்கள். கொஞ்சம் கூடுதலானாலும் ரத்து செய்யக்கூடிய பதிவையே எடுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு நாள் பதிவில்லாமல் காலியாகவும், மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு தொடாமலும் இருக்கட்டும். அலை பெரிதாக இருக்கும் நாளில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கான செலவு அது.

இரவும் தகவலும்

கரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஈரமான கடற்பாசிக் கோடு நேற்றைய ஏற்றம். அதற்கு மேலே வெளுத்த கட்டைகளின் கோடு புயலின் ஏற்றம். கூடாரம் இரண்டாவதற்கும் மேலே, மணற்குன்றின் புல்லை மிதிக்காத இடத்தில். சாதாரண முளை மணலில் நிற்காது. சிறு பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, 30 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். கூடாரத்தின் தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்க்கட்டும்.

ஓங்கலின் அடியில் செல்பேசிக்குச் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. விமானப் பயன்முறையில் வைத்து, மேட்டுக்கு வந்ததும் இயக்குங்கள். சார்ஜ் துளையில் உப்புநீர் பட்டிருந்தால் நன்கு உலரும்வரை கம்பியைச் செருக வேண்டாம். விசில் கழுத்திலேயே இருக்கட்டும். உதவி கேட்க: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

வீட்டில் ஒருவரிடம் ஒரே ஒரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் இடம், சேரும் இடம், ஓதம் பார்த்துக் கடக்கும் கட்டம், அது மூடும் நேரம், அந்த நாட்டின் கடலோர மீட்பு எண். தகவல் சொல்லும் நேரத்தை ‘மாலையில்’ என்று எழுதாமல், கட்டம் மூடும் நேரத்தோடு இரண்டு மணி கூட்டி எழுதுங்கள். மேலே கண்ட நாளுக்கு அது 15:30. அதற்குள் செய்தி வராவிட்டால் முதலில் உங்களை அழைக்க வேண்டும், 16:30 வரை பதில் இல்லையென்றால் மீட்புப் படையை அழைக்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையில் கொடுங்கள்.